பலகை கண் சிமிட்டிய நேரம்

எனக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி. அதுவும் பெட்ரோல் போட்டு முடித்த வண்டி. நாற்பது நிமிடம் வரிசையில் ஊர்ந்து வந்து, இதோ நம் முறை என்று டேங்க் மூடியைத் திறக்கும் லீவரில் கைகூட வைத்துவிட்டேன். அப்போதுதான் மேலே விலைப் பலகை கண் சிமிட்டியது. எண்கள் அணைந்தன. ஒரு நொடி இருட்டு. திரும்ப எரிந்தபோது கடைசி எண் மட்டுமல்ல, அதற்கு முந்தைய எண்ணும் மாறியிருந்தது.

ஏறிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிவிட்டது. விலையேற்றத்தை எல்லோரும் செய்தியில் பார்ப்பார்கள். நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் அந்த பங்க்குக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை. எங்கள் தெரு முனையிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு முன் மச்சினன் கதையைச் சொல்லியாக வேண்டும். "மாமா, அரை மணி நேரம்தான், சாவி குடுங்க" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கிப்போனவன், இரவு பதினொன்றுக்குக் கொண்டுவந்து விட்டான். "வண்டி சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது மாமா" என்று நற்சான்றிதழ் வேறு. உள்ளே போய் முள்ளைப் பார்த்தேன். மயங்கி விழுந்த ஆள் மாதிரி படுத்துக் கிடந்தது. பக்கத்தில் அந்த மஞ்சள் விளக்கு. காலையில் பாதி டேங்க் இருந்த வண்டி அது! அவனிடம் கேட்க முடியுமா? கேட்டுவிட்டு நான் எந்த வீட்டில் போய்த் தூங்குவது?

சரி, போகட்டும். மறுநாள் காலை தெரு முனையில் போட்டுவிட்டு ஆபீஸ் போயிருந்தால் இந்தப் பதிவே இல்லை. ஆனால் ஒரு நண்பர், நல்லவர்தான், "அங்க போங்க, அங்க லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி" என்று சொல்லித் தொலைத்தார். எவ்வளவு கம்மி? ஏறக்குறைய இரண்டு சதவீதம். எவ்வளவு தூரம்? ஆறு கிலோமீட்டர். அந்த நிமிடத்தில் என் மூளைக்குள் "கம்மி" என்ற சொல் மட்டும்தான் கேட்டது. ரிசர்வில் ஓடும் வண்டியை ஏசியை அணைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனேன். ரிசர்வ் விளக்கு எரிந்தாலும் டேங்கில் சில லிட்டர் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஒவ்வொரு சிக்னலிலும் முள்ளைத்தான் பார்த்தேன், சிக்னலைப் பார்க்கவில்லை.

போனால், "கம்மி" என்ற சொல் ஊர் முழுக்கக் காதில் விழுந்திருக்கிறது. பங்க்குக்கு வெளியே சாலை வரைக்கும் வால் நீண்டிருந்தது. பத்து வினாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் இன்ஜினை அணைத்துவிடுவதுதான் லாபம் என்று படித்தவன் நான். அணைத்தேன். இரண்டு நிமிடத்தில் வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. நான் ஸ்டார்ட் செய்வதற்குள் பின்னால் இருந்தவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. மூன்று முறை இப்படி ஆனது. நான்காவது முறை, போங்கடா என்று இன்ஜினை ஓடவிட்டேன். அதோடு ஏசியையும் போட்டேன். மானமும் போச்சு, பெட்ரோலும் போச்சு, வேர்வையாவது மிஞ்சாமல் இருக்கட்டுமே.

இப்போது அந்த முன்வண்டிக்காரர். இவரைப் பற்றி விரிவாகச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் எனக்கு இன்று இரவு தூக்கம் வராது.

மனிதர் டேங்கை நிரப்பியாகிவிட்டது. நாசிலை எடுத்து மாட்டியாகிவிட்டது. பங்க் பையன் தொகையைச் சொன்னான். அப்போதுதான், வாழ்க்கையில் முதல்முறையாகக் கேள்விப்படுவது போல, பெட்ரோலுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டைப் பையைத் தடவினார். இல்லை. பேன்ட் வலது பை. இல்லை. இடது பை. கைக்குட்டை வந்தது. அதை உதறி, மடித்து (மடித்து!) திரும்ப வைத்தார். பின் பை. அங்கே சீப்பு. பிறகு வண்டிக்குள் குனிந்து டாஷ்போர்டைத் திறந்தார். உள்ளிருந்து காகிதங்கள் கொட்டின. ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதில் ஒன்றை நின்று படித்தார். சத்தியமாகப் படித்தார். போனை எடுத்தார், பணம் அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போட்டு "என் பர்ஸ் டேபிள் மேல இருக்கா பாரு" என்றார். அந்த அம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வரும் வரை அவர் தன் டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பர்ஸ் எங்கே இருந்தது தெரியுமா? அவர் உட்கார்ந்திருந்த சீட்டில். அதன் மேல்தான் உட்கார்ந்து வந்திருக்கிறார்!

அந்த நேரத்தில்தான் பலகை கண் சிமிட்டியது. அவருக்குப் பழைய விலை. எனக்குப் புது விலை. இடையில் இருந்தது ஒரு கைக்குட்டையை மடிக்கும் நேரம்.

"எவ்வளவுக்கு சார்?" என்றான் பையன்.

"தம்பி, இப்பத்தானே ஏத்துனீங்க? நான் பழைய விலையிலதானே வரிசையில நின்னேன்?"

"அது மேல இருந்து தானா மாறிடும் சார். எங்க கையில ஒண்ணும் இல்ல."

மேலே என்று விரலைக் காட்டினான். நானும் நிமிர்ந்து பார்த்தேன். கூரைதான் இருந்தது, கூரையில் ஒரு புறா.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். என் காலுக்குக் கீழே, கான்கிரீட்டுக்கு அடியில் தொட்டியில் கிடந்தது, அவருக்குப் போன அதே பெட்ரோல்தான். எப்போதோ வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கியது. உலகத்தின் எந்த மூலையில் எவன் துப்பாக்கி எடுத்திருந்தாலும் அது அந்தத் தொட்டிக்குள் இருந்த பெட்ரோலுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் விலைக்குத் தெரிந்துவிட்டது. இதே விலை இறங்க வேண்டிய நாளில் கேட்டுப் பாருங்கள், "பழைய ஸ்டாக் சார், அதிக விலைக்கு வாங்கினது" என்பார்கள். ஏறும்போது ஸ்டாக்குக்கு வயதே கிடையாது, இறங்கும்போது மட்டும் அதற்கு நரை தட்டிவிடுகிறது.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. 1991-இல் ராபர்ட் பேக்கன் என்ற பொருளியலாளர் பிரிட்டனில் பெட்ரோல் விலை போகும் போக்கை ஆராய்ந்து, ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு என்று பெயரே வைத்துவிட்டார். நமக்குத் தெரியாததா? ஆனாலும் படித்த ஒருவர் கட்டுரை எழுதி ஒத்துக்கொண்டதில் ஓர் அற்ப சந்தோஷம்.

இறகைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது நான் வண்டி ஓட்டினேன், அழுதுகொண்டே ஓட்டினேன். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் அதே எண்ணெய் பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலர் சொச்சத்துக்குப் போனது. மைனஸ்! 159 லிட்டர் எண்ணெயையும் கொடுத்து, எடுத்துக்கொண்டு போவதற்குக் கையில் பணமும் கொடுக்கிற நிலை. உலக வரலாற்றிலேயே எண்ணெய் மலிந்த அந்த நாளில் நான் எங்கே இருந்தேன்? வீட்டுக்குள். கதவைப் பூட்டிக்கொண்டு. என் வண்டி மேல் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. உலகமே ஓட்டாததால்தான் விலை விழுந்தது என்பது பிறகு புரிந்தது. அதாவது நான் வண்டியை எடுக்காமல் இருந்தால் இறங்கும், எடுத்தால் ஏறும். இதற்குப் பெயர் பொருளாதாரமாம்.

மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். மேல் வரிசை பணம், கீழ் வரிசை லிட்டர். மேல் வரிசை, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி ஓடும். கீழ் வரிசை, முழங்கால் வலிக்காரர் படியேறுகிற மாதிரி ஒவ்வொன்றாக ஏறும். முன்பெல்லாம் நான் லிட்டர் வரிசையைத்தான் பார்ப்பேன். இப்போது இரண்டையும் பார்ப்பதில்லை. அந்தப் புறாவைப் பார்த்தேன். "டக்" என்று நாசில் நின்றது. "ரவுண்டா போட்டுடவா சார்?" என்றான். போடு தம்பி, நீ ஏன் மிச்சம் வைக்கிறாய்.

இத்தனைக்கும் நான் ஊதாரி இல்லை. சிக்கனத்துக்கு என்னென்ன சொல்கிறார்களோ அத்தனையும் செய்கிறேன். டயரில் காற்று சரியாக வைத்திருக்கிறேன். ஆக்சிலேட்டரை முட்டைமேல் கால் வைத்த மாதிரி மிதிக்கிறேன். வேகம் கூடினால் காற்று எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும், இரண்டு மடங்கு வேகத்துக்கு நாலு மடங்கு எதிர்ப்பு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் மணிக்கு 55 மைலைத் தாண்டக் கூடாது என்று நாடு முழுக்கச் சட்டமே போட்டார்கள். நானும் போன வாரம் நெடுஞ்சாலையில் சட்டம் இல்லாமலேயே அறுபது கிலோமீட்டரில் போனேன். ஒரு தண்ணீர் லாரி என்னை முந்திக்கொண்டு போனது. போகிற போக்கில் டிரைவர் ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆஸ்பத்திரிக்கு ஏதும் போகிறாயா அப்பா என்று கேட்கிற பார்வை.

எடையைக் குறை என்றார்கள். டிக்கியில் கிடந்ததையெல்லாம் இறக்கினேன். பழைய குடை, யாரோ விட்டுப்போன செருப்பு, கயிறு, தண்ணீர் கேன், இரண்டு வருடமாக இஸ்திரிக்குக் கொடுக்க வைத்திருந்த துணி மூட்டை. எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோ இருக்கும். சுமார் 45 கிலோ குறைத்தால் ஒரு சதவீதம் மிச்சமாம். அப்படியானால் பத்துக் கிலோவுக்கு என்ன வரும் என்று தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வந்து என்னைப் பார்த்தாள், டிக்கியைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள். "பத்துக் கிலோ குறைக்கணும்னா டிக்கியிலதான் குறைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் மழை பெய்தது. குடை வீட்டில் இருந்தது.

விடியற்காலையில் போடு, குளிரில் பெட்ரோல் கெட்டியாக இருக்கும், கூடுதலாகக் கிடைக்கும் என்று அனுப்புகிற பெரியப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் விரியும். அதுவும் தொட்டி பூமிக்கு அடியில் இருக்கிறது, விடியற்காலையும் உச்சி வெயிலும் அதற்கு ஒன்றுதான். உங்கள் பேச்சைக் கேட்டு ஐந்து மணிக்கு எழுந்து போனேன். பங்க் திறக்கவில்லை.

இதையெல்லாம் செய்து மிச்சம் பிடித்த பெட்ரோலையும் இன்ஜின் என்ன செய்கிறது? கிட்டத்தட்ட கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மீதி பெரும்பாலும் வெறும் சூடாகப் போகிறது. நான் காசு கொடுத்து வாங்கி ஊர்க்காற்றைச் சூடாக்குகிறேன். அந்தச் சூட்டில் வேர்த்துப்போய் ஏசி போடுகிறேன். அதற்கும் பெட்ரோல்.

1888-இல் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் செய்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு மகன்களோடு தாய்வீட்டுக்குக் கிளம்பினாராம். வழியில் எரிபொருள் தீர்ந்துவிட, வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் மருந்துக் கடைதான்! அந்த ராசி இன்னும் விடவில்லை பாருங்கள். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. (சொல்லாமல் எடுத்துப்போன வண்டியில் தன் காசில் ஊற்றினார் அந்த அம்மையார். என் மச்சினனுக்கு இதைப் படிக்கச் சொல்லி அனுப்பப் போகிறேன்.)

திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. முப்பது லிட்டர் போட்டேன். பழைய விலையே கிடைத்திருந்தாலும் இரண்டு சதவீத லாபம் என்றால் 0.6 லிட்டர் பெட்ரோலின் காசு. போக வரப் பன்னிரண்டு கிலோமீட்டர், என் வண்டி லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும், அங்கே 0.8 லிட்டர் காலி. வரிசையில் இன்ஜினும் ஏசியும் ஓடியதில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவாவது போயிருக்கும். ஆக, எல்லாம் நினைத்தபடி நடந்திருந்தாலே எனக்கு நஷ்டம். பர்ஸ்காரர் சீட்டைவிட்டு எழுந்ததும் பர்ஸ் கிடைத்திருந்தாலும் நஷ்டம்! இத்தனை நேரம் அந்த மனிதரை மனசுக்குள் திட்டியது வீண்.

தெரு முனை வந்தது. எங்கள் பங்க் காலியாகக் கிடந்தது. ஒரு வண்டி இல்லை. பையன் ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். பலகையை நிமிர்ந்து பார்த்தேன். இன்னும் பழைய விலை. மாற்றவே இல்லை. நான் இப்போது கொடுத்துவிட்டு வந்ததைவிடக் கம்மி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பையன் எழுந்து வந்து, "என்ன சார், பெட்ரோலா?" என்றான். "டேங்க் ஃபுல்லுப்பா" என்றேன். நாசிலை எடுக்கப் போனான். "இல்லப்பா, ஏற்கெனவே ஃபுல்லு."

தலையாவது குளிரட்டும் என்று வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளிக்கப் போனேன். ஈரக் கை. ஷாம்பு பாக்கெட். "இங்கே கிழிக்கவும்" என்று அம்புக்குறி போட்டு, புள்ளிக்கோடு போட்டு, கத்திரிக்கோல் படமும் போட்டிருக்கிறான். இழுத்தேன், வழுக்கியது. துண்டில் துடைத்துவிட்டு இழுத்தேன், அம்பு இருந்த மூலை மட்டும் தனியாகக் கழன்று கையோடு வந்தது, பாக்கெட் அப்படியே இருந்தது. பல்லால் கடித்தேன். இந்த இடத்தில் கிழியாது என்று தெரிந்தே இங்கே கிழி என்று அச்சடிக்கிறவன் யார்? அவன் வீட்டில் எப்படிக் குளிக்கிறான்? வாயெல்லாம் நுரை. நாளைக்கு இவனைப் பற்றி எழுதுகிறேன்.