மூச்சை உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும் இசை

ஜப்பானிய இசையமைப்பாளர் தோஷியோ ஹோசோகாவாவைப் பற்றி எங்கே படித்தாலும் “கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாலம்” என்ற வரி வந்துவிடுகிறது. சில மாதங்களாக என் இரவுகள் அவருடைய இசையோடுதான் கழிகின்றன. கேட்கக் கேட்க அந்த வரி மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. பாலம் கட்டுகிறவனுக்கு இரண்டு கரையும் முன்பே தெரிந்திருக்கும். இவருக்குத் தன் சொந்தக் கரையே தூரதேசம் போன பிறகுதான் கண்ணில் பட்டது.

1955இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். குண்டு விழுந்து பத்து வருடம் கழித்து. அம்மா கோத்தோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பார். தாத்தா இகெபானா என்னும் மலர்க்கலையில் ஆசிரியர். பையனுக்கோ அந்த இசையெல்லாம் சலிப்பு. மனசு முழுக்க ஐரோப்பிய இசையில்தான். அதைப் படிக்கத்தான் 1976இல் மேற்கு பெர்லினுக்குப் போனார்.

அங்கே வாய்த்த ஆசிரியர் இசாங் யுன், கொரியர். இவரைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. கொரியாவை ஜப்பான் ஆண்ட காலத்தில், அந்த ஆட்சியை எதிர்த்ததற்காக 1943இல் சிறைக்குப் போனவர். 1967இல் தென்கொரிய உளவுத்துறை அவரை மேற்கு பெர்லினிலிருந்தே கடத்திக்கொண்டு போய், உளவாளி என்று குற்றம் சாட்டி, ஆயுள் தண்டனை வாங்கிக்கொடுத்தது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, இசை நடத்துநர் கராயன் போன்ற பெரிய இசைக்கலைஞர்களெல்லாம் கையெழுத்திட்டுக் குரல் கொடுத்த பிறகு 1969இல் விடுதலையானார். இப்படிப்பட்ட மனிதர் ஒரு ஜப்பானிய இளைஞனை மாணவனாக ஏற்றுக்கொண்டு கற்றுக்கொடுத்திருக்கிறார். இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஜப்பானிய அரசவை இசையான காகாகுவின் அழகு ஹோசோகாவாவுக்குப் பிடிபட்டதும் பெர்லினில்தான். பிறகு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் இசையமைப்பாளர் கிளவுஸ் ஹூபரிடம் படித்தபோது, உன் ஊர் இசையைப் போய்ப் படி என்று அந்த ஸ்விஸ் ஆசிரியரும் ஊக்கப்படுத்தினார்.

காகாகுவில் ஷோ என்று ஒரு வாத்தியம். 17 மூங்கில் குழல்களைக் கட்டாகச் சேர்த்தது, அதில் 15 குழல்கள்தான் ஒலிக்கும். ஊதினாலும் ஒலிக்கும், மூச்சை உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும். மூச்சின் ஈரம் உள்ளே தங்கிவிடக் கூடாது என்று வாசிப்பவர்கள் அதை அடிக்கடி தணலில் காட்டிச் சூடாக்குவார்கள். ஹோசோகாவாவின் ஆர்க்கெஸ்ட்ராவை முதலில் கேட்கும்போது, என்ன இது, ஒன்றுமே நடக்கவில்லையே என்று தோன்றலாம். ஷோவைத் தெரிந்துகொண்டு கேட்டால் புரியும், நடப்பது சுவாசம். ஒரு சுரம் எங்கிருந்து என்றே தெரியாமல் வந்து, பெருத்து, அடங்குகிறது. அப்புறம் ஒரு இடைவெளி. எழுத்தோவியம் வரைபவர் தூரிகையைத் தாளில் வைப்பதற்கு முன் காற்றிலேயே கையை வீசுவாரே, அந்த வீச்சும் ஓவியத்தில் சேர்ந்ததுதான். இந்த மௌனமும் அப்படி.

எல்லாப் படைப்பும் ஒரே மாதிரி இருக்கிறது என்று குறை சொல்கிறார்கள். ஓரளவு உண்மைதான். தாமரை, கடல், காற்று, மறுபடி தாமரை. ஆனால் கடலை அவர் விடாமல் எழுதியதில் நடந்ததைப் பாருங்கள். “மட்சுகாசே” என்ற அவருடைய ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் மேடை நாடகம், ‘நோ’ என்னும் ஜப்பானிய மரபு நாடக வகையைச் சேர்ந்த பழைய நாடகம் ஒன்றிலிருந்து வந்தது. சுமா கடற்கரையில் உப்புக் காய்ச்ச நீர் சுமந்த இரண்டு சகோதரிகள், செத்த பிறகும் தங்கள் காதலனுக்காகக் காத்திருக்கிறார்கள். ஜப்பானிய மொழியில் ‘மட்சு’ என்றால் பைன் மரம், காத்திருப்பது என்றும் பொருள். இதை எழுதி முடித்தாகிவிட்டது. 2011 மே மாதம் பிரஸ்ஸல்ஸில் மேடையேறியபோது, ஜப்பானில் சுனாமி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவர் எழுதிய கடல் வேறு. 2016இல் ஹாம்பர்கில் அரங்கேறிய “ஸ்டில்லெஸ் மேர்”, அதாவது அமைதியான கடல், அந்தச் சுனாமி அணு உலையையும் சிதைத்த ஃபுகுஷிமாவில் மகனைப் பறிகொடுத்த ஒரு ஜெர்மன் தாயின் கதை. அவன் செத்துவிட்டான் என்று அவள் ஒப்புக்கொள்ளவே மாட்டாள். இதற்கும் அடியில் ஒரு நோ நாடகம் இருக்கிறது, “சுமிதாகாவா”. காணாமல் போன பிள்ளையைத் தேடி அலையும் தாய் ஒருத்தி, ஆற்றைக் கடக்கும்போது படகோட்டி சொல்லித் தெரிந்துகொள்கிறாள், பிள்ளை போய்விட்டான் என்று. சில நூற்றாண்டுக்கு முந்தைய அந்த அழுகையை அணு உலைக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். ஜெர்மன் மொழியில் பாடுகிறாள். அங்கே எது கிழக்கு, எது மேற்கு? இறந்தவர்களோடு பேச ஒரு வழி வேண்டும், அதற்கு எந்த வாத்தியம் உதவுமோ அதை எடுத்துக்கொள்கிறார், எனக்கு அவ்வளவுதான் கேட்கிறது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் ஓபராவில் தொடங்க வேண்டாம். 2011இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா முதலில் வாசித்த ஹார்ன் கான்செர்ட்டோ இருக்கிறது, அதாவது ஹார்ன் என்ற ஊதுகொம்பு முன்னால் நிற்க ஆர்க்கெஸ்ட்ரா உடன் வாசிக்கும் படைப்பு, “மலரும் தருணம்” என்று பெயர். ஹார்ன்தான் தாமரை, ஆர்க்கெஸ்ட்ரா அதைச் சுற்றியுள்ள தண்ணீரும் உலகமும். தொடக்கம் அவ்வளவு மெல்லியது. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.