ஜாரின் விரலும் விஸ்லரின் கடிதமும்

ரஷ்யப் பேரரசர் ஜார் முதலாம் நிக்கோலஸ் வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தபோது விரல் இடறியதாம். அதனால்தான் பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ ரயில் பாதை ஓரிடத்தில் வளைந்ததாம். அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லரே இதை வீட்டுக்குக் கடிதமாக எழுதினார் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

இது தவறு. விஸ்லர் 1849-இல் இறந்தார். பாதை முழுவதும் திறக்கப்பட்டது 1851-இல். ஜார் மறைந்தது 1855-இல். வெரெபியே என்ற இடத்தின் அந்த வளைவோ 1881-இல்தான் வந்தது! நேர்ப்பாதையின் சரிவு அங்கே கடுமையாக இருந்தது. கனத்த ரயில்கள் மேடேறக் கூடுதல் என்ஜின் தேவைப்பட்டது. அதைத் தவிர்க்கவே சுற்றுப்பாதை. 2001-இல் பாதை மீண்டும் நேராக்கப்பட்டது.

விஸ்லரின் மனைவி அன்னாவின் கடிதங்கள், ஓவியரான மகன் ஜேம்ஸின் கடிதத் தொகுப்போடு கிளாஸ்கோ பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ளன. அங்கே நீங்களே தேடிப் பார்க்கலாம். இறந்தவர் எழுதாததை அவர் பெயரில் பரப்புவது வருத்தமளிக்கிறது. தயவுசெய்து இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.