ஆவுளியா (கடல்பசு) ஜோடி போட்டு வாழ்வதில்லை
தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இரண்டிரண்டாகத் தெரியும் ஆவுளியாக்களை ‘ஆயுசுக்கும் பிரியாத ஜோடி’ என்று ஒரு கட்டுரை சொல்வது சரியில்லை. பெரும்பாலும் அது தாயும் குட்டியும்தான். அளவைப் பாருங்கள்: பிறந்த குட்டி 1 மீட்டருக்குச் சற்று மேல், வளர்ந்தது 3 மீட்டர் வரை போகும், சின்னது பெரியதின் முதுகை ஒட்டியே நீந்தும். பால்காம்பு துடுப்பின் அக்குளில் இருக்கிறது. ஒன்றரை வருடம் வரைகூடப் பால் குடிக்கும், அப்பன் எட்டிக்கூடப் பார்க்காது. இப்படி ஜோடி சேராமல் இருக்கக் காரணம் அது மேயும் கடல்புல். பரந்து கிடக்கும் மேய்ச்சலை வளைத்துப் போட்டுக் காவல் காக்க எந்த ஆணாலும் முடியாது. பெண்ணுக்கும் மேய ஆள்துணை வேண்டாம். அதனால் பருவத்துக்கு வந்த பெண்ணை ஆண்கள் பல சேர்ந்து துரத்துவதுதான் வழக்கம். முதுகில் இணைகோடுகளாகத் தெரியும் தழும்பு ஆண்களின் தந்தங்கள் கீறியது. ‘தந்தம் இருந்தால் ஆண்’ என்று சொல்வதும் சரியில்லை, வயதான பெண்ணுக்கும் சில சமயம் தந்தம் வெளியே வரும். கரை ஒதுங்கிய உடலை வனத்துறையினர் மல்லாத்தும்போது கவனியுங்கள்: இனத்துளை தொப்புளுக்குக் கிட்டே இருந்தால் ஆண், ஆசனவாய்க்குக் கிட்டே இருந்தால் பெண்.