கடித்த பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டுமா?

“பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோகாவிட்டால் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றமாட்டார்கள்” என்றொரு குரல்பதிவு யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

இலங்கையில் வழக்கமாக ஏற்றப்படுவது, இந்தியாவில் குதிரைகளின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படும் விஷமுறிவு மருந்து. நாகம், எண்ணெய் விரியன் (கட்டுவிரியன்), கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் அது ஒன்றேதான். இந்த நான்குமே குடாநாட்டில் உண்டு.

மருந்து வேண்டுமா என்பதை உடம்பே சொல்லும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் இரத்தத்தை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு மெல்லச் சரிப்பார்கள். உறையாமல் தண்ணீர்போல ஓடினால், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் இரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று பொருள். இமை சரிந்தால், நாக்குக் குழறினால், நாகம், எண்ணெய் விரியன் போன்றவற்றின் நரம்பைத் தாக்கும் விஷம்.

அவுஸ்திரேலியாவில் புலிப் பாம்புக்கு ஒன்று, பழுப்புப் பாம்புக்கு ஒன்று எனத் தனித்தனி மருந்துகள் உண்டு. அங்கேயும் கடிவாயில் ஒற்றியெடுத்த பஞ்சைத்தான் நீண்டகாலம் சோதித்தார்கள்; செத்த பாம்பை அல்ல.

எண்ணெய் விரியன் பெரும்பாலும் நள்ளிரவில், பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் பெரிதாக இராது. விடியும்போது அந்தப் பாம்பை எந்த வேலிக்குள் தேடுவது? வடலிக்குள் டோர்ச் அடித்துத் திரிபவருக்கு இரண்டாவது கடி கிடைக்கலாம். வெட்டுண்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். தூரத்தில் நின்று படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எப்படியானாலும் கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே வாகனத்தில் ஏற்றுங்கள்.