பீப் சத்தத்தை நிறுத்தியவர்களுக்கு

முந்தாநாள் எங்கள் அடுக்குமாடிக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் ஓடியதையும் பார்த்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்கு: ஒரு வீட்டில் சங்கிலி காணாமல் போனது. தேடும்போதுதான் கேமராப் படங்களைப் பதிவு செய்கிற பெட்டி, அதாவது டிவிஆர், வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. புதிது வாங்கலாம் என்று நான் சொன்னேன். "அதான் சங்கிலி கிடைச்சிருச்சே, இன்னும் எதுக்கு டிவிஆருக்கு 22,800 ரூபா?" என்று ஒருவர் கேட்டார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பதில் சொல்ல எழுந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

சங்கிலி கிடைத்துவிட்டது, சரி. எப்போது கிடைத்தது? ஒன்பது நாள் கழித்து. எங்கே கிடைத்தது? அதே வீட்டு பீரோவில், பட்டுப்புடவை மடிப்புக்குள். அந்த ஒன்பது நாளும் யார் தலையில் பழி இருந்தது என்பதை மட்டும் கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. படிக்கட்டு பெருக்குகிற அக்கா ஆறு வருடமாக இங்கே வருகிறார். முதல் நாளே "அவதான் அன்னைக்கு மேல வந்தா" என்று பேச்சு கிளம்பியது. மூன்றாம் நாள் அவருடைய பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு மடித்த சேலை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை. அவ்வளவும் வாசல் தரையில் கிடந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் வைத்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என்னை இன்னும் அறுக்கிறது.

அன்று சாயங்காலம்தான் "கேமராவைப் பாத்தா தெரிஞ்சிரும்ல" என்று நான் சொன்னேன். எல்லோரும் வாட்ச்மேன் அறைக்குப் போனோம். டிவியில் ஆறு கட்டமும் பளிச்சென்று ஓடுகிறது. வாசல், பைக் நிறுத்துமிடம், லிஃப்ட், இரண்டு படிக்கட்டு, மொட்டைமாடிக் கதவு. பழைய பதிவை எடுக்கப் போனால் காலண்டர் வருகிறது. பதிவு இருக்கும் தேதிகளில் ஒரு அடையாளம் இருக்கும். மார்ச் 14 வரை இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு நாள்கூட இல்லை. ஏப்ரல் காலி, மே காலி, ஜூன் காலி. பதிவைச் சேமித்து வைக்கிற ஹார்ட் டிஸ்க் செத்து மூன்று மாதம் ஆகியிருக்கிறது. நேரலைப் படம் வருவதற்கு ஹார்ட் டிஸ்க் தேவையில்லை. அதனால் திரையில் படம் ஓடிக்கொண்டே இருந்தது, நாமும் எல்லாம் பதிவாகிறது என்று நம்பிக்கொண்டே இருந்தோம்.

வாட்ச்மேன் தாத்தா மெதுவாகச் சொன்னார். "மார்ச்சு மாசம் ராத்திரி பூரா பீப் பீப்னு கத்துச்சும்மா. நான் சொன்னேன். ஒரு ஆள் வந்து சத்தத்த நிப்பாட்டிட்டுப் போயிட்டாரு."

டிஸ்க் பழுதானால் கத்தி ஊரைக் கூட்டச் சொல்லித்தான் அந்தப் பெட்டிக்குள் பஸ்ஸர் வைத்திருக்கிறார்கள். செட்டிங்கில் போய் அதை அணைக்கலாம். நாம் டிஸ்க்கை மாற்றவில்லை, சத்தத்தை அணைத்தோம். தரைத்தளத்தில் தூக்கம் கெடுகிறது என்று புகார் வந்ததாம். டிஸ்க்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானதாம். இப்போது அதே வாய்கள் "கேமரா இருந்தும் என்ன புண்ணியம்?" என்று கேட்கின்றன.

டிவிஆர் வாங்கலாமா வேண்டாமா என்றால், வாங்கலாம். கண்டிப்பாக வாங்கலாம். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் சேர்த்து முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். பார்க்க ஆளில்லாத டிவிஆர் வாங்காததைவிட மோசம். பதிவாகிறது என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுத் தேவைப்படும் நாளில் கைவிரித்துவிடும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. அருப்புக்கோட்டையில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். 2016-இல் நான்தான் பிடிவாதம் பிடித்து நாலு கேமராவும் ஒரு டிவிஆரும் போட வைத்தேன். மாட்டியவர் சிசிடிவிக்கென்று வருகிற டிஸ்க் போடாமல் பழைய கம்ப்யூட்டரில் கழற்றியதைப் போட்டுவிட்டார். எங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டர் டிஸ்க் எழுதும், படிக்கும், ஓய்வெடுக்கும். டிவிஆரில் இருக்கிற டிஸ்க்குக்கு ராத்திரி பகல் கிடையாது, எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே தனியாகச் செய்த டிஸ்க்குகளை எல்லாப் பெரிய கம்பெனிகளும் விற்கின்றன, விலை கொஞ்சம்தான் கூட. ஒரு வருடத்தில் எங்கள் டிஸ்க் போனது. புதிது போட்டோம்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கல்லாப்பெட்டியை உடைத்துவிட்டார்கள். பதிவு இருந்தது. ஆள் வருவதும் குனிவதும் தெரிந்தது. ஆனால் மூலையில் தேதி 01-01-2000 என்று காட்டியது. கரண்ட் போய் வந்திருக்கிறது, பெட்டிக்குள் இருக்கிற காசு அளவு பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது, கடிகாரம் பழையபடி ஆரம்பத்துக்கே போய்விட்டது. ஸ்டேஷனில் கேட்டார்கள், "இது நேத்து ராத்திரிதான்னு எப்படிங்க சொல்றீங்க?" அப்பாவிடம் பதில் இல்லை. அந்த பேட்டரி கைக்கடிகாரக் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும்.

அதற்கப்புறம் அப்பா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கடைக்குச் சாம்பிராணி போட்ட கையோடு டிவிஆர் முன்னால் உட்காருவார். முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிப் பதிவை எடுத்து இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்ப்பார். தேதி சரியா, நேரம் சரியா, நாலு கேமராவும் இருக்கிறதா. அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு படித்த மனிதர். இரண்டு நிமிட வேலை. 24 வீட்டில் பட்டதாரிகள் இருக்கிற இந்தக் கட்டடத்தில் அதைச் செய்ய ஒருவர் இல்லை.

"இப்பல்லாம் வைஃபை கேமராவே வந்திருச்சு, டிவிஆர் பழைய சமாச்சாரம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். ஒரு வீட்டு வாசலுக்கு அது போதும், நான் மறுக்கவில்லை. ஆனால் மெமரி கார்டு அந்தக் கேமராவுக்குள்ளேயேதான் இருக்கிறது. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் போச்சு. இணையத்தில், கிளவுடில் வைக்கலாம் என்றால் பெரும்பாலும் கேமராவுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட வேண்டும். ஆறு கேமராவும் ஏற்கெனவே கேபிளோடு சுவரில் இருக்கிற இடத்தில் டிவிஆர்தான் சிக்கனம். எல்லாவற்றையும் புதிதாகப் போடுகிறவர்கள் நெட்வொர்க்கில் ஓடுகிற ஐபி கேமராவும் அதற்கான பதிவுப் பெட்டியான என்விஆரும் போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொருவர் கணக்குக் கேட்டார். தாராளமாகச் சொல்கிறேன். பழைய பெட்டியில் இருந்தது 1 டிபி டிஸ்க், அதாவது 1000 ஜிபி. படத்தைச் சுருக்கி எழுதும் முறையும் பழைய எச்.264. 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 4 மெகாபிட் (4 எம்பிபிஎஸ்) வேகத்தில் எழுதினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 43 ஜிபி. ஆறு கேமராவுக்கு 260 ஜிபியை நெருங்கும். அதாவது டிஸ்க் உயிரோடு இருந்தாலும் நாலு நாள்கூட முழுசாக வராது. அப்புறம் பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். மாட்டியவர் பதினைந்து நாள் வரும் என்றாராம், ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நான் விலை விசாரித்து வந்த பெட்டியில் இருப்பது எச்.265, இன்னும் நன்றாகச் சுருக்குகிற புதிய முறை. பாதி வேகத்தில் ஏறக்குறைய அதே தெளிவு கிடைக்கும். 4 டிபி டிஸ்க் போட்டால் ஆறு கேமராவுக்கும் 30 நாள் வரும். ஒரு பொருள் காணாமல் போனது ஒரு வாரம் கழித்துத்தான் பல நேரம் தெரிகிறது, அதனால்தான் 30 நாள் வேண்டும் என்கிறேன். பெட்டி, டிஸ்க், கரண்ட் போனால் தாங்க ஒரு சின்ன யுபிஎஸ், கூலி எல்லாம் சேர்த்து 22,800. வீட்டுக்கு 950. ஒரு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 80 ரூபாய்கூட வராது. போன தீபாவளிக்கு முகப்பில் சீரியல் லைட் போட இதைவிடக் கூடுதலாக வசூலித்தோம், அப்போது ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை.

பாஸ்வேர்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நம் பெட்டியில் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டே இருந்தது, அதையும் ஸ்டிக்கரில் எழுதி மேலேயே ஒட்டியிருந்தார்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் (வைரஸ் மாதிரி ஒன்று) உலகம் முழுக்க இப்படி மாற்றப்படாத பாஸ்வேர்டுகளால் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது. அந்த அக்டோபரில் அவற்றை வைத்தே பெரிய இணையதளங்களை மணிக்கணக்கில் முடக்கினார்கள். மாட்டியவர் கிளம்புவதற்கு முன்னாலேயே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இன்பாக்ஸில் ஒரு தோழி கேட்டதுதான் என்னை அசைத்தது. "இந்தக் கேமராவே அந்த அக்கா மாதிரி ஆட்களைச் சந்தேகப்படத்தானே வைக்கிறீங்க?" என்றாள். உண்மைதான். யாரைப் பார்க்க வைக்கிறோம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் சந்தேகம் கேமராவுக்கு முன்னாலேயே இங்கே இருந்தது, கேமரா இல்லாவிட்டாலும் இருக்கும். பதிவு இருந்திருந்தால் அன்று அக்கா எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தாரா என்று பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இரண்டு படிக்கட்டிலும் கேமரா இருக்கிறதே! நம்மிடம் பணம் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, வக்கீல் நண்பர் இருக்கிறார். அவருக்கு இருந்திருக்கக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பெட்டி. அதன் வாயைத்தான் நாம் மார்ச் மாதமே அடைத்துவிட்டோம்.

பதிவு இல்லாமல் போவது யாரைக் கைவிடுகிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ரத்தக்கறையோடு ஒரு உதாரணம் இருக்கிறது. 2020 ஜூன் 19 ராத்திரி சாத்தான்குளம் காவல் நிலையத்தில், காவலில் அடிபட்டு இறந்த அப்பா ஜெயராஜுக்கும் மகன் பென்னிக்ஸுக்கும் என்ன நடந்தது என்று விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட், அங்கிருந்த சிசிடிவிப் பதிவைக் கேட்டார். டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாகவே அழிகிறபடி செட்டிங் வைத்திருந்தார்கள். உயர் நீதிமன்றத்துக்கு அவர் கொடுத்த அறிக்கையிலேயே இது இருக்கிறது. இடம் இருந்தும் பதிவு இல்லை. அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்றது. கேமரா வையுங்கள் என்பதோடு நிறுத்தாமல் எத்தனை மாதம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள் பாருங்கள்.

எதை எதோடு ஒப்பிடுகிறாய் என்று கேட்பீர்கள். அளவு வேறு, எனக்கும் தெரியும். ஆனால் அந்த அறிக்கையை அப்போது படித்துவிட்டுக் கொதித்து இதே பக்கத்தில் எழுதியவள் நான். என் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெட்டி வாயடைத்துக் கிடந்தது எனக்கு மூன்று மாதம் தெரியவில்லை. "கமிட்டியை மட்டும் குறை சொல்றீங்களே, நீங்க என்ன செஞ்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். அதனால்தான் வாரா வாரம் பார்க்கும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசிக்கவே இல்லை.

சங்கிலி கிடைத்த அன்று அந்த வீட்டில் கேசரி செய்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். அக்காவுக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. அவர் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெருக்கப் போனார்.

நேற்றுக் காலையில் அவர் வேலை முடித்துக் கிளம்பும்போது நான் வாசலில் இருந்தேன். யாரும் கேட்கவில்லை. அவராகவே வாசல் கதவுப் பக்கத்தில் நின்று பையைத் திறந்து, டிபன் பாக்ஸை எடுத்துக் காட்டி, சேலையை உதறி, மேலே கேமராவைப் பார்த்துக் காட்டினார். "எதுக்குக்கா?" என்றேன். "இருக்கட்டும்மா, அதுல பதிஞ்சிருக்கட்டும்" என்றார்.

அதில் எதுவும் பதியவில்லை என்று அவரிடம் எனக்குச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் கூட்டம். என் பங்கு 950 ரூபாயோடு வருகிறேன்.