தனிக்குரலில் தொடங்கும் அந்தப் பாட்டு

கிறிஸ்துமஸ் ஆலயப் பாடல்கள் மனதை உருக்குவதற்குப் பழைய நினைவுகளே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் 1918 முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நடக்கும் ஆராதனையைக் கேட்டுப் பாருங்கள். பக்கவாத்தியம் இல்லாமல் ஒரு சிறுவன் தொடக்கப் பாட்டின் முதல் சரணத்தைத் தனியாகப் பாடுவான். யார் பாடப்போவது என்பது அந்தப் பிள்ளைகளுக்கே கடைசி நொடியில்தான் தெரியும்! அவன் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழும். அடுத்த சரணத்தில் பாடகர் குழு சேர்ந்துகொள்ளும்; அப்புறம் ஆர்கனும் மொத்த சபையும். அந்த இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டை அடைத்துவிடும். சிறுவயதில் இதைக் கேட்டே இராத என் நண்பர்களும் அங்கேதான் கண்ணைத் துடைக்கிறார்கள். இசை கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.