ரேம் கூடினால் வேகம் இரட்டிப்பாகுமா?

"16 ஜிபி ரேமை 32 ஆக்கினால் லைட்ரூம் இரு மடங்கு வேகமாக ஓடும்" என்று ஒரு தம்பி எழுதியிருப்பது சரியல்ல. லைட்ரூம் என்பது படங்களைத் திருத்தும் மென்பொருள்; ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். இருக்கும் ரேம் போதாமல் திணறும்போதுதான் கூடுதல் ரேம் கைகொடுக்கும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கல்யாணப் படம் எடுப்பவர்கள் இதை நம்பிக் காசைக் கொட்டுவதற்கு முன், படங்களைத் திருத்தும்போதே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எவ்வளவு ரேம் பயன்படுகிறது என்று பாருங்கள். நினைவகம் 10 ஜிபியிலேயே நிற்கிறதென்றால் இன்னொரு 16 ஜிபி சும்மா கிடக்கும், அவ்வளவுதான். 8 ஜிபி வைத்திருப்பவர்களின் கதை வேறு. அவர்கள் கூட்டத்தான் வேண்டும்.

பழைய கணினியில் தாமதம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கால் வருகிறது. அது வினாடிக்குச் சுமார் 150 எம்பி வாசிக்கும். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் சாதாரண சாட்டா வகையே 500ஐத் தாண்டும். சிறிய கோப்புகளில் இடைவெளி இன்னும் பெரிது. விண்டோஸையும் லைட்ரூம் கேட்டலாக்கையும் (படங்களின் விவரங்களும் திருத்தங்களும் பதியும் கோப்பு) முதலில் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். படங்களை எக்ஸ்போர்ட் செய்யும் வேகம் பெரிதும் பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் பொறுத்தது. நுவரெலியா மூடுபனியில் உயர் ஐஎஸ்ஓவில் எடுத்த படங்களுக்கு ஏஐ டீநாய்ஸ் (படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி) போடுகிறீர்களா? அந்த வேலை கிராபிக்ஸ் கார்டினுடையது. எவ்வளவு ரேம் போட்டாலும் அதற்கு ஈடாகாது.